ஸ்பேனர் தொடாத நாளில் அண்ணன் வண்டி

"கொழுந்தனாரே, ஆயுத பூஜைக்கு வந்துடுங்க. பூஜை போட்டுட்டு உங்க அண்ணன் வண்டிய எடுத்துனு போங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, குஜரிக்காரன் மூணு வாட்டி வந்து கேட்டுட்டான்."

மதினி போனில் இவ்வளவுதான் சொன்னார். குஜரி என்றால் பெங்களூர்த் தமிழில் பழைய இரும்புக் கடை. அண்ணன் இருபது வருடம் ஓட்டிய வண்டியை எடைக்குப் போடுவதா? எனக்குப் பொறுக்கவில்லை. தூத்துக்குடியில் நான் ஒரு சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். பண்டிகை நேரத்தில் அடுப்பை விட்டு நகரவே கூடாது. ஆனாலும் கிளம்பிவிட்டேன். "அந்த ஓட்டை வண்டிய பெங்களூர்ல இருந்து ஓட்டிக்கிட்டு வரப் போறீகளாக்கும்? மண்டையில என்ன இருக்கு உங்களுக்கு?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். ஒரு பெட்டி மக்ரூனைக் கட்டி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அண்ணன் லேத் வேலைக்காகப் பெங்களூர் போனவர். போன இடத்திலேயே லோகேஸ்வரி மதினியைக் கட்டிக்கொண்டார். மதினி வீட்டார் தலைமுறை தலைமுறையாக அல்சூர்க்காரர்கள். மதினிக்கு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. முதல் வருடம் அந்த வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. இந்த ஆயுத பூஜைதான் அவருக்குப் பிறகு முதல் பூஜை.

மதினிக்கு பைக் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, உதைத்துக் கிளப்பி, ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் வரை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாராம். "ஓடற வண்டிய ஓட்டறவங்க கையில குடுக்கணும். அவ்ளோதான் எனக்கு ஆசை" என்றார் போய் இறங்கியதுமே.

முதல் நாள் முழுக்க நான் குறை சொல்லிக்கொண்டே திரிந்தேன். இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் வெல்லம். அடப்பாவிகளா, சாம்பாரில் வெல்லமா! ரோட்டில் வண்டிகள் நகர்வதற்குள் நமக்கு வயதாகிவிடும் போலிருந்தது. ஆனால் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனபோது என் வாய் கொஞ்சம் அடங்கியது. பூசணிக்காய் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. செவ்வந்திப்பூவை முழம் போடாமல் "மாறு, மாறு" என்று இரண்டு கையும் விரித்த நீளத்தில் அளந்தார்கள். மதினி பூக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசினார், பழக்காரரிடம் தக்கினி உருதுவில் சண்டை போட்டார், வாழைக்கன்று விற்ற அம்மாவிடம் தமிழில் குடும்பக் கதை கேட்டார், நடுவில் போன் வந்ததும் டெப்போ மேனேஜருக்கு இங்கிலீஷில் 'எஸ் சார்' சொன்னார். நானெல்லாம் ஒரு மொழியிலேயே மாவுக் கடைக்காரனிடம் ஏமாறுகிறவன். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு பூசணிக்காயைச் சுமந்தேன்.

மறுநாள் விடியும்போதே சந்து முழுக்கத் தண்ணீர். ஆட்டோ, ஸ்கூட்டர், தள்ளுவண்டி, குப்பை வண்டி, இஸ்திரி வண்டி எல்லாம் குளித்து நின்றன. எதிர்வீட்டுப் பிள்ளை ஒருத்தன் லேப்டாப்பைத் திண்டில் வைத்து அதற்கும் பூ சுற்றியிருந்தான். எங்கள் ஊரிலும் பூஜை உண்டு. நானும் மாவு பிசையும் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவன்தான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வாழைக்கன்று கட்டுகிற கட்டில், வண்டிக்குக் கல்யாணமோ என்று சந்தேகம் வரும்.

சந்தனக் கிண்ணத்தோடு மதினி வண்டி முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்து, "நான் வைக்கட்டுமா, நீங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கீழ்வீட்டில் இருக்கும், மதினி வாடகை கொடுக்கும் வீட்டுக்காரம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏன் லோகா, கொழுந்தனாருதான் வந்திருக்காரே, அவரு கையால வச்சாத்தான நல்லா இருக்கும்? தூரம் போற வண்டி பாரு."

கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கோலம் போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மதினியின் கை அப்படியே நின்றுவிட்டது. புருஷன் போனவள் மங்கல காரியத்துக்குக் கை நீட்டக் கூடாது என்பதைத்தான் அந்த அம்மா இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று எனக்கும் புரிந்தது, சந்துக்கும் புரிந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"மதினிதான் வைக்கணும். ரெண்டு வருசமா உதைச்சு உதைச்சு இத உசுரோட வச்சிருக்கது அவுகதான. நானா வச்சிருந்தேன்?" என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்.

மதினி குனிந்து பொட்டு வைக்க ஆரம்பித்தார். வைத்தார் என்றா சொல்வது, அப்பினார். ஹெட்லைட், நம்பர் பிளேட், இன்ஜின், டாங்கின் இரண்டு பக்கம், பெட்ரோல் மூடி, சீட்டு, சைலன்சர் வரை சந்தனம், அதன் மேல் குங்குமம். இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உதைத்தால் முதல் உதையிலேயே வண்டி பிடித்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. மதினியின் முகத்தைப் பார்க்க எனக்கே நிறைவாக இருந்தது.

பூஜை போட்ட கையோடு முதல் சவாரியாக மல்லேஸ்வரம் போய்த் தோசை சாப்பிடுவது அண்ணனும் மதினியும் வருடா வருடம் செய்வது. "இந்த வருஷம் நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி குந்திக்கிறேன்" என்றார். அங்கே போய் வந்தால் வண்டி எப்படி என்றும் தெரிந்துவிடும், மறுநாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பலாம் என்று பேச்சு.

ரோட்டில் எங்கே பார்த்தாலும் உடைந்த பூசணி. டயர் வழுக்கியது. அதற்குப் பயந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வண்டி இருமியது. முதலில் ஒரு தும்மல். பிறகு இழுவை குறைந்து, வெட்டி வெட்டி, ஒரு பாலத்தடியில் நின்றே விட்டது.

நான் இறங்குவதற்குள் ஒரு ஆட்டோ ஓரம் கட்டியது. பின்சீட்டில் ஓட்டுகிறவரின் குடும்பம், கைப்பிடியில் வாழைக்கன்று. ஆட்டோக்காரர் என்னைக் கேட்காமலே சாவியை எடுத்து, பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, வண்டியை ஆட்டி, "இருக்கு" என்று கன்னடத்தில் சொல்லி மூடினார். "பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும், ஸ்பேனர் இருக்கா?" என்று மதினி மூலமாகக் கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆட்டோவின் முன்சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு பூவுக்குள் படுத்திருந்தன. "இன்னைக்குச் சாமானத் தொடக் கூடாதாம். நாளைக்குக் காலைல மறுபூஜை ஆனாத்தான் எடுப்பாராம்" என்று மதினி மொழிபெயர்த்தார்.

ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. பிளக்கின் ரப்பர் தொப்பியை வெறும் கையால் பிடுங்கி, புதுச் சட்டை நுனியால் துடைத்து, ஊதி, மாட்டினார். உதைத்தேன். பிடித்துக்கொண்டது! "வண்டிய கழுவினீங்கல்ல, தண்ணி இறங்கியிருக்கு" என்று அதையும் மதினி வழியாகச் சொன்னார். அவர் மனைவி எங்கள் கையில் பொரி கடலை அள்ளிக் கொட்டினார். நான் மக்ரூன் கொடுத்தேன். பண்டிகை நாளில் குடும்பத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஊர் பெயர் தெரியாதவனுக்குச் சட்டையை அழுக்காக்கிக்கொண்ட மனிதரை நான் மறக்க மாட்டேன்.

கொஞ்ச தூரம்தான். ஒரு மேட்டில் மறுபடி இருமல், மறுபடி நின்றது. இந்த முறை கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒரு இளைஞர். "என்ன குரு, டாங்க் டிரையா?" என்று பெங்களூர் பாணியில் கேட்டு அவரும் மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். பெட்ரோல் இருந்தது. "எங்கப்பா ஸ்கூட்டருக்கு இப்படித்தான் செய்வார்" என்று வண்டியை ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். மூன்று பேருமாகப் பிடித்து, கிட்டத்தட்டப் படுக்கப் போட்டு நிமிர்த்தினோம். கிளம்பியது! அந்தப் பிள்ளை ரோட்டிலேயே ஒரு ஆட்டம் போட்டான். நான் நன்றி சொல்வதற்குள் "என்ஜாய் அங்கிள்!" என்று ஓடிவிட்டான்.

மல்லேஸ்வரத்தில் தோசை. ஐயோ, அதைச் சொல்லாமல் எப்படி! வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, மேலே ஒரு உருண்டை வெண்ணெய். வெல்லச் சாம்பாரை நான் மன்னித்தது அங்கேதான். மதினி "பை டூ காபி" என்றார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு காபியை இரண்டாக ஊற்றச் சொன்னால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே கார் வைத்திருக்கிறவர்கள்கூட பை டூ குடிக்கிறார்கள். "உங்கண்ணன் எப்பவும் பெரிய பாதிய எனக்குத் தள்ளுவாரு. பெரிய பாதின்னு ஒண்ணு உண்டா சொல்லுங்க!" என்று மதினி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் என் டம்ளரைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன்.

திரும்பும்போது ஒரு சிக்னலில் நடுரோட்டில் நின்றுவிட்டது. டிராபிக் போலீஸ்காரர் கத்திக்கொண்டே வந்தார். மதினியைப் பார்த்ததும் குரலை இறக்கினார். அவர் தினமும் கை காட்டுகிற பஸ்ஸில்தான் மதினிக்கு டியூட்டியாம். அவரும் மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார். "பெட்ரோல் சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லி, லத்தி நுனியால் கார்புரேட்டரில் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பியது. "லத்தியும் ஆயுதம்தான சார், இன்னைக்கு எடுக்கலாமா?" என்று கேட்க வாய் வரை வந்தது. மதினி முதுகில் கிள்ளினார்.

அல்சூர் வருவதற்குள் மறுபடியும் நின்றது. இந்த முறை யாரும் வரவில்லை. உதைத்து உதைத்து என் கால்தான் வீங்கியது. மதினி இறங்கி வண்டியின் பின்கம்பியைப் பிடித்தபடி நின்றார். பொரி தின்றபோதும் தோசை தின்றபோதும் இருந்த முகம் இல்லை அது.

"வீட்டுக்காரம்மா சொன்னது கரெக்டுதான். நான் வச்சிருக்கக் கூடாது."

"மதினி, என்ன பேச்சு இது?"

"ரெண்டு வருஷம் ஒரு நாள் மக்கர் பண்ணல தம்பி. இன்னைக்கு நான் கை வச்சேன், இன்னைக்கே நின்னுச்சு. இதுல உங்கள அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நான் எப்படித் தூங்கறது? அவர அனுப்பிட்டேன், போதும். நாளைக்குக் குஜரிக்காரன வரச் சொல்லிடறேன்."

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற குரலில் சொன்னார். வண்டி போனால் போகட்டும். தன் கை பட்டால் ஆகாது என்று இந்த மனுஷி இனி வாழ்நாள் முழுக்க நினைக்கப் போகிறாரே! வண்டியைத் தள்ளினேன். மதினி பின்னாலிருந்து தள்ளினார்.

அல்சூர் சந்து ஒன்றில் நாகராஜின் ஒர்க்ஷாப். அண்ணன் வண்டிக்கு எப்போதும் அவர்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் அத்தனை ஸ்பேனரும் வரிசையாக, மாலையோடு. நாகராஜ் புதுச் சட்டையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"லோகாக்கா, கை வைக்க மாட்டேன். காலைல வாங்க. ஆனா வாயால வைத்தியம் பாக்கறேன், அதுக்கு பூஜை தடுக்காது. சொல்லுங்க."

சொன்னேன். பாதி கேட்டதுமே கையை உயர்த்தினார். "காயில்! பிளக்குக்கு கரண்ட் குடுக்கறதே அதான், சந்தேகமே இல்ல. சூடானா காயில் வீக் ஆவுது, ஆறினா ஓடுது. இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு. காயில் இல்லன்னா இந்தக் கடைய மூடிடறேன்!"

"ஆறவே இல்லையே. நின்ன கொஞ்ச நேரத்துல கிளம்பிடுச்சே" என்றேன்.

"அப்ப கார்புரேட்டர்" என்றார் கொஞ்சமும் அசராமல்.

நான் ஆட்டோக்காரர் துடைத்ததையும் பையன் சாய்த்ததையும் மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். முன்னே பின்னே குழப்பினேன். மதினி குறுக்கிட்டார். பிறகு அவரே ஒவ்வொரு இடமாக வரிசையாகச் சொன்னார், யார் வந்தார், முதலில் எதைத் தொட்டார், பிறகு எதைத் தொட்டார் என்று. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நாகராஜ், பஸ்ஸுல பர்ஸ் காணோம்னு யாரனா கத்தினா நாங்க என்னா பண்ணுவோம் தெரியுமா? எந்த ஸ்டாப்புல போச்சுன்னு தேட மாட்டோம். எல்லா ஸ்டாப்புலயும் கூடவே இருந்தவன் யாருன்னு பாப்போம்."

"அதுக்கு இன்னாக்கா இப்போ?"

"ஒருத்தன் தொடச்சான், ஒருத்தன் சாச்சான், ஒருத்தர் தட்டினாரு. மூணும் வேற வேற. ஆனா மூணு பேரும் மொதல்ல ஒரே வேல பண்ணாங்க. பெட்ரோல் மூடிய தொறந்தாங்க. இப்ப கடைசியா நின்னப்ப யாரும் தொறக்கல. வண்டி கிளம்பல."

நாகராஜ் சுண்டலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, "யாரும் பேசாதீங்க" என்றார். சாவியைப் போட்டு மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு மூச்சுச் சத்தம். ரோட்டு இரைச்சலில் நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத சத்தம் அந்தச் சந்தில் தெளிவாகக் கேட்டது. நாகராஜ் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு சிரித்தார். கடையை மூடுவதாகச் சொன்னதை அவரும் நினைவில் வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"காத்துக்கா! மூடியில ஊசி மாதிரி ஒரு ஓட்ட இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாத்தான் காத்து உள்ள போவணும். அது அடைச்சா பெட்ரோல் கீழ இறங்காது. தொறந்தா காத்து போவும், கொஞ்ச தூரம் ஓடும். ஸ்டாண்டுல சும்மா ஓடினா தெரியவே தெரியாது." மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல எதனா அடைச்சிருக்கும்..."

மூடியின் நட்டநடுவில் காலையில் வைத்த சந்தனம் காய்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. அதன் மேல் குங்குமம்.

காயிலே போயிருக்கக் கூடாதா, இன்ஜினே வெடித்திருக்கக் கூடாதா என்று நான் சாமி படத்தைப் பார்த்து மனதுக்குள் திட்டினேன். மதினி கை நீட்டி மூடியை வாங்கினார். நகத்தால் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நாகராஜ், ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத. வேற யாரனா வச்சிருந்தா?"

"வேற யாருன்னா?"

"எங்க வீட்டுக்காரம்மா வச்சிருந்தா?"

நாகராஜுக்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது. "யாரு வச்சா என்னாக்கா? கோயில் பூசாரி வந்து வச்சாலும் அடைச்சுக்கும். சந்தனத்துக்கு ஆள் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு மறுபடி சுண்டலைக் கையில் எடுத்தார்.

மதினி அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப் போய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"அப்ப என் கையில ஒண்ணுமில்ல தம்பி. சந்தனம்தான் ஜாஸ்தி!"

புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். "ஏம்பா, ஊக்கு சாமான் கணக்குல வருமா?" நாகராஜ் பலமாக யோசித்துவிட்டு, "பூஜையில வச்சீங்களா? இல்லல்ல? அப்ப வராது" என்றார். மதினி தானே குத்தி, சுரண்டி, ஊதி, வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, துளையைத் திறந்தார். அன்று சாயங்காலம் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். பூசணி வழுக்கிய இடத்தில்கூட வண்டி இருமவில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது குளிர். பையில் பொரி உருண்டை, போளி, ஒரு பொட்டலம் காபித் தூள். வீட்டுக்காரம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது மதினி மாடியிலிருந்து இறங்கி வந்தார், காக்கிச் சட்டை போட்டு, டியூட்டிக்குப் புறப்பட்ட கோலத்தில். ஒரு கையில் சந்தனக் கிண்ணம்.

நேற்றுப் போல என்னைக் கேட்கவில்லை. வாசலில் நின்றவரைப் பார்க்கவும் இல்லை. பெட்ரோல் மூடி அருகே குனிந்து, துளை எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு விரல் தள்ளி, பருப்பளவு சந்தனம் வைத்தார். அதன் மேல் குங்குமம். வீட்டுக்காரம்மா கையில் வாளியோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

உதைத்தேன். பிடித்தது. மதினி காதைச் சாய்த்து ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுகிற மாதிரி என் பின்சீட்டில் இரண்டு அடி அடித்தார். சந்தே திரும்பிப் பார்க்கிற கண்டக்டர் குரல்.

"ரைட்! ரைட்!"

திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பார்க்காமல் கியரைப் போட்டேன்.